‘வோட்டர் புரூப்’ என்று சொல்லி விற்கும் முன்

எங்கள் கடைச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது” என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை. வாப்பா அப்புத்தளைக் கடைவீதியில் கைக்கடிகாரக் கடை வைத்திருந்த காலத்தில் மாட்டியது. கடை கைக்கடிகாரத்திலிருந்து கையடக்கத் தொலைபேசிக்கு மாறியபோதும் பலகை மாறவில்லை. சென்ற வருடம் ஓகஸ்ட் விடுமுறையில்தான் அதை நான் முதன்முறையாக ஒழுங்காக வாசித்தேன் என்று சொல்ல வேண்டும்.

அன்று கடைக்கு வந்தவர் ஓர் இளைஞர். மேலே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது எல்லவிலிருந்து வரும் வெள்ளைக்காரர்களைத் தியலும நீர்வீழ்ச்சியின் மேற்பக்கத்துக் குளங்களுக்குக் கூட்டிச் செல்லும் வழிகாட்டி வேலை பார்க்கிறார். நான்கு நாட்களுக்கு முன் என்னிடம் 6,500 ரூபாய்க்கு ஒரு புளூடூத் இயர்போன் வாங்கியிருந்தார். பெட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்து, “நானா, இது தண்ணிக்குள்ள பாடுதில்ல” என்றார்.

எடுத்துப் பார்த்தேன். பழுது எதுவும் இல்லை. என் தொலைபேசியோடு இணைத்தேன், பாடியது. ஈரமும் உள்ளே போயிருக்கவில்லை. கடைப் பையன் உடனே பலகையைக் காட்டிவிட்டான். சாமான் நல்ல நிலையில் இருக்கிறது, பிறகென்ன என்பது அவன் கதை.

“நீந்தத்தான்னு சொல்லித்தானே நானா வாங்கினேன். நீங்களும் வோட்டர் புரூப்னுதானே சொன்னீங்க” என்றார் அந்தத் தம்பி. குரலை உயர்த்தவில்லை.

உண்மைதான், நான் சொன்னேன். பெட்டியில் ஐ.பி.எக்ஸ் 7 என்று அச்சடித்திருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எனக்குச் சாமான் தருபவர் “வோட்டர் புரூப்” என்றார். அவர் சொன்னதை நான் இவரிடம் சொன்னேன். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எங்கள் தொழிலில் பாதி விடயங்கள் இப்படித்தான் வாய் மாறி வருகின்றன. கடையில் அப்போது இன்னும் மூன்று பேர் நின்றார்கள். அப்புத்தளை போன்ற ஊரில் மூன்று பேர் என்றால் பின்னேரத்துக்குள் முன்னூறு பேர்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அதன் கொள்விலை 4,700 ரூபாய். பெட்டி பிரித்த சாமான் என்று சொல்லி, காலையில் ஓடப் போகும் ஓர் ஆசிரியருக்கு 4,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். நட்டம் 700 ரூபாய். அந்த ஆசிரியர் இன்றுவரை திருப்தியாகப் பாவிக்கிறார். அப்படியானால் பழுது சாமானிலா, நான் சொன்ன சொல்லிலா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சில வாரங்கள் இதன் பின்னால் திரிந்தேன். இயர்போன், கைக்கடிகாரம், தொலைபேசி விற்கும் சகோதரர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். இசை கேட்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பு இந்தப் பத்தியின் வேலை அல்ல. என்னிடம் வாங்குபவர்களில் கிராஅத் கேட்பவரும் உண்டு, பயான் கேட்பவரும் உண்டு, சினிமாப் பாட்டுக் கேட்பவரும் உண்டு. தண்ணீருக்கு எல்லாம் ஒன்றுதான்.

முதலில் இந்த ஐ.பி. எண். இது ஐ.இ.சி. எனப்படும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 60529ஆம் இலக்கத் தராதரம். ஐ.பி. என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கங்கள் வரும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்று போட்டிருந்தால் தூசிக்கான இலக்கம் குறிப்பிடப்படவில்லை என்று அர்த்தம். அது ஏதோ விசேட தரம் என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன்.

தண்ணீருக்கான இலக்கத்தில் 4 என்றால் எப்பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 5, 6 என்றால் குழாயால் பீச்சியடிக்கும் தண்ணீரை. 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடக்கூடாது. 8 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே அறிவிக்க வேண்டும். ஆகவே வெறும் 8 என்று மட்டும் போட்டு ஆழமும் நேரமும் போடாத பெட்டி பாதி வாக்கியம்தான் சொல்கிறது.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, சோதனை நடப்பது அசையாத நல்ல தண்ணீரில். உப்பு இல்லை, ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் போடும் குளோரின் இல்லை, சவர்க்காரம் இல்லை, சுடுதண்ணீர் ஆவியும் இல்லை. கை வீசி நீந்தும்போது ஏற்படும் அடியும் அதில் இல்லை. மற்றது, 7 பெற்ற சாமான் 5ஐயும் 6ஐயும் தானாகப் பெற்றுவிட்டதாகாது. தண்ணீரில் அமிழ்த்தினால் தாங்குவது, குழாய்க்குக் கீழே பிடித்தால் தாங்காமலும் போகலாம். அதனால்தான் சில பெட்டிகளில் 65, 68 என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

கைக்கடிகாரம் விற்ற பழைய கைகளுக்கு இது புதிய கதை அல்ல. பின் மூடியில் 30 மீற்றர் என்று பொறித்திருக்கும். அதை நம்பி ஒருவர் ஆற்றில் குளித்துவிட்டுக் கண்ணாடிக்குள் பனி பிடித்த கடிகாரத்தோடு வந்து நிற்பார். 30 மீற்றர் என்பது அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஆய்வுகூடத்தில் பார்த்தது. நடைமுறையில் கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும் என்றுதான் எடுக்க வேண்டும். வாப்பா இதை ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் விற்பார். “கைய கழுவலாம், குளிக்க வேணாம்” என்பது அவரது வசனம். அந்த வசனம் தெரிந்த நானே ஒரு ஆங்கிலச் சொல்லில் ஏமாந்ததுதான் வெட்கம்.

ஆனால் வழிகாட்டித் தம்பியின் இயர்போனுக்குள் தண்ணீர் போகவில்லையே. பிறகு ஏன் பாடவில்லை?

அதற்குக் காரணம் புளூடூத். தொலைபேசியிலிருந்து பாட்டு 2.4 ஜிகாஹேர்ட்ஸ் வானொலி அலையில் வருகிறது. காற்றில் பத்து மீற்றர் தாராளமாக வரும். தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலையைத்தான் பாவிக்கிறது. சாப்பாட்டிலுள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சுவதால்தான் கறி சூடாகிறது. ஆகவே தொலைபேசியைக் கரையில் பாறை மேல் வைத்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தினால் ஒரு சாணுக்குள் பாட்டு அறுந்துவிடும். தலையைத் தூக்கினால் திரும்ப வரும். அந்தத் தம்பி சொன்னதும் அதையேதான், “விக்கி விக்கிப் பாடுது.” சாமானில் குறையில்லை. எவ்வளவு விலை உயர்ந்த புளூடூத் இயர்போனாக இருந்தாலும் இதே கதைதான். பணம் கூட்டிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடாதீர்கள்.

நீந்தும்போது கேட்க வேண்டுமானால் பாட்டு காதருகிலேயே இருக்க வேண்டும். அதாவது கருவிக்குள்ளேயே நினைவகம் வேண்டும். பழைய எம்.பி.3 பிளேயர்தான், தண்ணீர் புகாத உடையோடு.

உலகம் இதை எவ்வளவு காலமாகத் தேடுகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. சொனி நிறுவனம் 1979இல் வோக்மனை வெளியிட்டது. 1983இல் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் வோக்மன் வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களின் கையில் அதைக் கண்ட ஞாபகம் நம் வயதுக்காரர் சிலருக்கு இருக்கும். அது தெறிப்பைத் தாங்கியதே தவிர நீந்துவதற்கானது அல்ல. கசெட் சுழலும் பெட்டியோடு எவரும் நீந்த முடியாது. கசெட் போய் எம்.பி.3 வந்த பிறகுதான் வழி திறந்தது. 2000களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் பினிஸ் நிறுவனம் நீச்சல் கண்ணாடியின் பட்டியில் கொளுவும் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தது. அது காதுக்குள் போவதில்லை. கன்ன எலும்பில் ஒட்டி நின்று எலும்பு வழியாக ஒலியை அனுப்பும். அப்பிள் 2005இல் ஐபொட் ஷபிளை வெளியிட்ட பின்னர், சில சிறு கம்பனிகள் அதை வாங்கி, தண்ணீர் புகாதபடி உள்ளே அடைத்து, மேல் விலைக்கு விற்றன. பிறர் செய்த சாமானில் ஒரு குறையைக் கண்டு, அதை மட்டும் தீர்த்துப் பிழைத்த வியாபாரம். 2017இல் அப்பிள் ஷபிளை நிறுத்தியது. ஒரே ஒரு பெரிய கம்பனியின் சாமானை நம்பிப் பிழைப்பதில் உள்ள ஆபத்தும் அதில் தெரிகிறது.

சொனி 2013இல் நீச்சலுக்கென்றே ஒரு வோக்மனை விட்டது. அது நல்ல தண்ணீருக்கு மட்டும். பின்னர் வந்த மாதிரிதான் கடல் நீருக்கும் ஏற்றது என்று அறிவிக்கப்பட்டது. இன்று ஷொக்ஸ் என்ற பெயரில் இருக்கும் ஆப்டர்ஷொக்ஸ் நிறுவனம் 2019இல் விட்ட நீச்சல் கருவியில் 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தது, புளூடூத்தே இருக்கவில்லை. 2024இல்தான் இரண்டும் சேர்ந்த மாதிரி வந்தது. அதிலும் தண்ணீருக்குள் வேலை செய்வது நினைவகம்தான். 2019இல் வந்ததன் விலை 150 டொலர் அளவில். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 45,000 ரூபாய், வரி வேறு. 2022இல் ரூபாய் விழுந்த பின்னர் இப்படியான சாமானை அப்புத்தளைக் கடையில் அடுக்கி வைக்க யாருக்கு மனம் வரும்?

எலும்பு வழியாகக் கேட்பது என்றால் பலர் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை. காதுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் செவிப்பறை காற்றில் அதிர்வதைப்போல் அதிர்வதில்லை. தண்ணீருக்குள் நாம் கேட்பதில் பெரும்பகுதி மண்டை எலும்பு வழியாகத்தான் உட்காதுக்குப் போகிறது. கடையில் இதைக் காட்டுவது இலகு. கருவியைக் காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் வைக்கச் சொல்லுங்கள். பாட்டு மெலிதாகக் கேட்கும். இப்போது இரண்டு காதையும் விரலால் அடைக்கச் சொல்லுங்கள். பாட்டு கூடும். இதைச் செய்து காட்டியபோது சிரிக்காத வாடிக்கையாளரை நான் இன்னும் காணவில்லை.

மேசையில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வாளியும் வைத்திருக்கிறேன். சிறிய தண்ணீர் புகாத புளூடூத் ஸ்பீக்கரைப் பாட விட்டு வாளிக்குள் அமிழ்த்துவேன். அறுந்துவிடும். பிறகு நினைவகமுள்ள பிளேயரை அமிழ்த்தி, வாளியின் பக்கத்தில் காதை வைக்கச் சொல்வேன். பாடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடப் பேச்சை இந்த வாளி மிச்சப்படுத்துகிறது.

விலை உயர்ந்தது எனக்குச் சரிவராது என்று கண்டு, நினைவகத்தோடு வரும் மலிவான சீனப் பிளேயர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்து ஒரு வாரம் வாளியிலும் தொட்டியிலும் போட்டுப் பார்த்தேன். பிழைத்தது. பிறகு ஐந்து எடுத்தேன். கொள்விலை 9,500, விற்பனை விலை 13,000. ஐந்தும் எங்கே போயின என்று சொல்கிறேன்.

முதலாவதை வாங்கியவர் பண்டாரவளைப் பக்கத்து ஹாஜியார் ஒருவர். முழங்கால் வலிக்கு வைத்தியர் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஹோட்டல் தடாகம் ஒன்றில் காலையில் காசு கட்டி நடக்கிறார். தனியாக அரை மணித்தியாலம் தண்ணீரில் நடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பயான் போட்டுக் கொடுத்தேன். “இப்ப ஒரு பயான் முடியுற வரைக்கும் நடக்குறேன்” என்கிறார். காதில் ஏதாவது ஓடினால் நிதானமான உடற்பயிற்சியின் களைப்பு குறைவாகத் தெரியும் என்பது விளையாட்டு விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட விடயம். ஹாஜியார் அதை ஆராய்ச்சி இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். அவர் தலையைத் தாழ்த்துவதே இல்லை என்பதால் சாதாரண புளூடூத் இயர்போனும் அவருக்குப் போதும் என்று சொன்னேன். தொலைபேசியைத் தடாகத்தருகே வைக்க விருப்பமில்லை என்று இதையே எடுத்தார். சொல்ல வேண்டியதை நான் சொன்னேன், தெரிவு அவருடையது.

இரண்டாவது ஒரு வங்கி உத்தியோகத்தருக்கு. நன்றாக நீந்துபவர். இந்த முறை எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டாம் நாள் அவரும் பெட்டியோடு வந்து நின்றார். சாமான் நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்குள் போட அவரிடம் பாட்டு இல்லை! இன்றைய தலைமுறை பாட்டை வைத்திருப்பதில்லை. ஸ்பொட்டிபையிலும் யூரியூப்பிலும் கேட்கிறார்கள். செயலிக்குள் பதிவிறக்கி வைத்திருந்தாலும் அது பூட்டிய கோப்பு. எடுத்து வேறு கருவிக்குள் போட முடியாது. இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு காலத்தில் மெமரி கார்டுக்கு நூறு ரூபாய்க்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்த கடைகள் நம் எல்லா ஊரிலும் இருந்தன. அந்த வழிக்குத் திரும்பலாமே என்று கடைப் பையன் சொன்னான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டில் இருக்கிறது. பிறருடைய பாட்டைப் பிரதி எடுத்துக் காசுக்கு ஏற்றுவது அப்போதும் சரியில்லை, இப்போதும் சரியில்லை. அவர் பழைய சீடீக்கள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அவற்றை எம்.பி.3 ஆக மாற்றும் முறையை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். இப்போது பிளேயர் விற்க முன் நான் கேட்கும் முதற்கேள்வி, “உங்களிட்ட கோப்பா பாட்டு இருக்கா?” என்பதுதான். இதைக் கேட்டே இரண்டு விற்பனை நின்றுவிட்டது. பரவாயில்லை, இரண்டு திரும்பி வரவில்லை.

மூன்றாவதையும் நான்காவதையும் பொத்துவிலில் கடை வைத்திருக்கும் மச்சான் எடுத்தார். பெரகலைச் சந்தியில் இறங்கி ஏ 4 வீதியைப் பிடித்தால் கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை தாண்டி நேரே அங்கேதான் போய்ச் சேரும். எங்கள் ஊர் உல்லாசப் பயணிகளில் ஒரு பகுதியினர் அந்த வழியால்தான் அறுகம்பைக்கு இறங்குகிறார்கள். அலைச்சறுக்கு விளையாட வருபவர்களுக்கு விற்கலாம் என்பது மச்சானின் கணக்கு. கணக்குச் சரி, தண்ணீர்தான் வேறு. மூன்று வாரத்தில் ஒன்று செத்துவிட்டது. சார்ஜ் ஏறும் முனையில் பச்சை பூத்திருந்தது. கடலில் பாவித்துவிட்டு நல்ல தண்ணீரில் அலசாமல், ஈரம் காயாமல் சார்ஜில் போட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் இருந்த தாளை விரித்துப் பார்த்தால் நல்ல தண்ணீருக்கு மட்டும் என்று எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறது. மச்சான் அதைச் சொல்லவில்லை. நான் மச்சானுக்குச் சொல்லவில்லை. வாங்கியவருக்குப் பணம் திரும்பியது. 13,000 ரூபாயை நானும் மச்சானும் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். குடும்பத்துக்குள் அதற்கு மேல் கணக்குப் பார்க்க முடியாது.

ஐந்தாவது இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு.

அதற்கு முன் சட்டம் பற்றி ஒன்று. எங்களிடம் தொலைபேசி திருத்தும் சட்டத்தரணி ஒருவரிடம் பலகை விவகாரத்தைச் சொன்னேன். அவர் 1896ஆம் ஆண்டுச் சட்டமொன்றைச் சொன்னார். பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 11ஆம் இலக்கம். ஆங்கிலேயர் காலத்தில் வந்தது, இன்றும் நடைமுறையில் உள்ளது. வாங்குபவர் இன்ன தேவைக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தச் சாமான் அந்தத் தேவைக்கு ஓரளவு பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது விற்பனையோடு கூடவே வரும் நிபந்தனை. எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. குறித்த ஒரு பெயர்ச் சாமானையே வாங்குபவர் தானாகக் கேட்டு வாங்கினால் நிலைமை வேறு. ஆனால் “நீந்த வேணும், ஒண்டு தாங்க” என்று கேட்டவருக்கு நாம் தெரிந்து கொடுத்தால் பொறுப்பு நம்முடையது. இதற்கு மேல் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வேறு, பிழையாக வழிநடத்தி விற்பதைக் குற்றமாக்குகிறது. வாடிக்கையாளர் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும். என் தம்பி அழைக்கவில்லை. “நீந்தத்தான்னு சொல்லித்தானே வாங்கினேன்” என்று மட்டும் சொன்னார். நூற்று முப்பது வருடச் சட்டத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் இருந்தது. பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது ஐந்தாவது பிளேயர். வழிகாட்டித் தம்பி திரும்ப வந்தார். என் கடையில் நீந்தக்கூடிய உண்மையான சாமான் வந்திருப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறார். கையில் பணமும் கொண்டு வந்திருந்தார். வாளியில் போட்டுக் காட்டினேன். காதை அடைத்துக் கேட்டார். பிடித்துவிட்டது. “இதையே தாங்க நானா” என்றார்.

எங்கே நீந்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். தெரிந்ததுதான், தியலும மேற்குளங்கள்.

அந்த இடத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும். கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது தியலும. விழும் விளிம்புக்குச் சற்று மேலே பாறைக்குள் படிப்படியாகக் குளங்கள் கிடக்கின்றன. வெள்ளைக்காரர் படம் பிடிப்பது அங்கேதான். அங்கே வரும் தண்ணீர் பூனாகலை ஓயாத் தண்ணீர். குளத்தடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பூனாகலைப் பக்கம் மழை கொட்டலாம். தண்ணீர் நிறம் மாறுவதும் இரைச்சல் மாறுவதும்தான் முதல் எச்சரிக்கை. கரையில் நிற்பவன் கண்டு கத்த வேண்டும், குளத்தில் இருப்பவனுக்கு அது கேட்க வேண்டும். நாலு பக்கமும் சுவர் கட்டிய ஹோட்டல் தடாகத்தில் பாட்டுக் கேட்பதும் இங்கே கேட்பதும் ஒன்றல்ல. தண்ணீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாக ஓடுகிறது. இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூளைக்குப் பிடிபடாது. ஏற்கனவே பாதிச் செவிடன். அதற்கு மேல் பாட்டும் ஓடினால்?

இந்த இடத்தில் எனக்கு ஆழிக்குமரன் ஆனந்தன் ஞாபகத்துக்கு வந்தார். வல்வெட்டித்துறைக்காரர். 1971இல் பாக்கு நீரிணையை இரு திசையும் 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தவர். காதில் எந்தக் கருவியும் இல்லாத காலம் அது. அப்பேர்ப்பட்டவரையே 1984இல் ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோய்விட்டது. தண்ணீரோடு எவருக்கும் உரிமை கொண்டாட முடியாது.

தம்பியிடம் இதை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. “நீங்க மட்டும் போறதில்ல, உங்கள நம்பி நாலு பேரைக் கூட்டிப் போறீங்க. உங்கட காது அவங்களுக்கு வேணும். அங்க போட இத நான் தரமாட்டேன். பண்டாரவளை தடாகத்துக்குன்னா இப்பவே எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. “முதல்ல பாடாததை வித்தீங்க. இப்ப பாடுறதை விக்கமாட்டேங்கிறீங்க. என்ன வியாபாரம் நானா இது?” என்றார். கடைப் பையன் உள்ளே போய்ச் சிரித்தான். எனக்குப் பதில் வரவில்லை. வேறு கடைக்குப் போனால் கொடுப்பார்கள், இணையத்தில் ஓர்டர் பண்ணினால் வீட்டுக்கே வரும். 3,500 ரூபாய் இலாபத்தை நான் விட்டதால் ஆற்றில் தண்ணீர் கூடாமல் இருக்கப் போவதில்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். சரியா பிழையா என்று இன்றும் என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. சாமானின் குறையைச் சொல்லி விற்பது கடமை. சாமானில் குறையில்லாதபோது வாங்குபவரின் பாவனைக்காக மறுப்பது கடைக்காரனின் வேலையா? வாசகச் சகோதரர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

தம்பி போகவில்லை, நின்றார். கொஞ்ச நேரம் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தார். “அப்ப எனக்கு எது நானா சரி?” என்றார்.

தொலைபேசியும் பயணிகளின் கடவுச்சீட்டும் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டும் தண்ணீர் புகாத பையொன்று 2,200 ரூபாய்க்கு இருந்தது. அதையும், உள்ளே மணி இல்லாத பிளாஸ்டிக் விசில் ஒன்று 250 ரூபாய்க்கும் எடுத்தார். நனைந்தாலும் ஊதலாம் என்று வாயில் வைத்து அங்கேயே ஊதிப் பார்த்தார். வீதியில் போனவர்கள் திரும்பினார்கள். அடுத்த வாரம் அவரைப் போலவே வழிகாட்டி வேலை செய்யும் இருவர் அதே பை கேட்டு வந்தார்கள்.

அன்றிரவே கடையிலிருந்த எல்லா இயர்போன் பெட்டிகளிலும் கறுப்புப் பேனையால் எழுதினேன். ஐ.பி.எக்ஸ் 4 உள்ளவற்றில் “வியர்வைக்கு, தூறலுக்கு.” 7 உள்ளவற்றில் “மழைக்கும் சரி. நீந்தும்போது பாடாது.” ஐந்தாவது பிளேயர் பெட்டியில் “தடாகத்துக்கு மட்டும். கடலுக்கு, ஆற்றுக்கு அல்ல. பாட்டுக் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டும்.” கொழும்பிலிருந்து சாமான் கொண்டு வருபவர் அதை வாசித்துவிட்டு, “இப்படி எழுதினா யாரு ஹாஜி வாங்குவாங்க?” என்று கேட்டார். நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகவில்லை என்பதை அவருக்கு மறுபடியும் ஞாபகப்படுத்தினேன். 7 எழுதிய பெட்டிகளில் அந்த மாதம் பதினொன்று விற்றது. ஐந்தாவது பிளேயர் அலுமாரியிலேயே இருக்கிறது.